‘பரோட்டா’ எப்படி ‘பரோட்டம்’ ஆனது? சாஃப்ட்வேர் உலகின் பெயர்ப் பஞ்சாயத்து!

மதுரையில் ஒரு ஓட்டலுக்கு ஆன்லைன் ஆர்டர் ஆப் செய்ய ஒரு டெவலப்பர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’. ஓட்டலின் ஸ்பெஷல் பரோட்டா என்பதால், முதல் மாடலுக்கு ஆங்கில எழுத்துகளில் ‘பரோட்டா’ என்றே பெயர் கொடுத்து என்டர் தட்டுகிறார்.

திரையில் ஒரு எச்சரிக்கை வருகிறது. ‘பரோட்டா’ என்பது பன்மைச் சொல்லாகத் தெரிகிறதாம். அதனால் அதன் ஒருமையான ‘பரோட்டம்’ என்ற பெயரில் மாடலை உருவாக்கிவிட்டதாம்!

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால், ரெயில்ஸுக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. அது தனக்குத் தெரிந்த இலக்கணப்படி சரியாகவே நடந்துகொண்டது. அந்த இலக்கணம் என்ன, பெயர் வைப்பதில் ஒரு சாஃப்ட்வேருக்கு ஏன் இவ்வளவு அக்கறை, பெயர் தப்பினால் யாருக்கு நஷ்டம்? பார்க்கலாம்.

ரெயில்ஸ் என்றால் என்ன?

வெப்சைட், ஆப் போன்றவற்றுக்குப் பின்னணியில் ஓடும் சாஃப்ட்வேரை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுதாமல், தயாராக இருக்கும் சட்டகத்தின் மேல் கட்டுவதற்கு உதவுபவை ‘ஃபிரேம்வொர்க்’குகள். அதில் ஒன்று ரெயில்ஸ். ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-ல் வெளியிட்ட ‘ரூபி’ மொழியில் எழுதப்பட்டது.

டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன், சிகாகோவின் ‘37சிக்னல்ஸ்’ நிறுவனத்துக்காக ‘பேஸ்கேம்ப்’ என்ற ஆப்பை எழுதினார். அதிலிருந்து பொதுவான பகுதிகளைப் பிரித்தெடுத்து 2004-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் ரெயில்ஸ். ஷாப்பிஃபை, கிட்ஹப் போன்றவை இதன் மேல் எழும்பியவை. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கும் ரெயில்ஸில் உருவானதுதான்.

‘இனிஷியல்’ லாஜிக்

ரெயில்ஸ் வருவதற்கு முன்பு நிலைமை வேறு. 2000-களின் தொடக்கத்தில் ஜாவா போன்ற மொழிகளில் வேலை பார்த்தவர்கள், ‘இந்த கிளாஸ் இந்த டேபிளோடு பேசும், இந்தப் பகுதி அந்த நெடுவரிசையைக் குறிக்கும்’ என்று பக்கம் பக்கமாக எக்ஸ்எம்எல் ஃபைல்களில் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

ரெயில்ஸ் கேட்ட கேள்வி எளிமையானது. எல்லோரும் ஒரே மாதிரி பெயர் வைத்தால், இதையெல்லாம் எழுத வேண்டிய அவசியம் என்ன? ‘கான்வென்ஷன் ஓவர் கான்ஃபிகரேஷன்’ என்று இதைச் சொல்வார்கள். தனித்தனியாக எழுதிவைப்பதைவிட, எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கமே போதும் என்பது அதன் பொருள்.

நமக்கு இது புதிதல்ல. ‘எஸ்.குமார்’ என்று பெயர்ப் பலகையில் இருந்தால், அந்த ‘எஸ்’ அப்பா பெயரின் முதல் எழுத்து என்று தமிழ்நாட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை. பலகைக்குக் கீழே குறிப்பு எழுதுவதும் இல்லை. வழக்கம் தெரிந்தவர்களுக்குள் பெயரே முழு விவரத்தையும் சொல்லிவிடுகிறது.

ரெயில்ஸின் வழக்கங்கள் என்னென்ன?

ஓட்டல் ஆப்பையே எடுத்துக்கொள்வோம். அங்கே கஸ்டமர்கள் உண்டு, அவர்கள் போடும் ஆர்டர்கள் உண்டு.

* கோடில் எழுதும் மாடலின் பெயர் ஒருமையில், பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்: ‘கஸ்டமர்’, ‘ஆர்டர்’.

* டேட்டாபேஸில் இருக்கும் டேபிளின் பெயர் பன்மையில், சின்ன எழுத்தில் இருக்க வேண்டும்: ‘கஸ்டமர்ஸ்’, ‘ஆர்டர்ஸ்’. மாடல் என்பது ஒரு ஆளின் வடிவம். டேபிள் என்பது எல்லோரும் இருக்கும் பட்டியல். அதனால்தான் ஒருமை, பன்மை.

* ஒவ்வொரு வரிக்கும் அடையாள எண் ‘ஐடி’ என்ற நெடுவரிசையில் இருக்கும்.

* இன்னொரு டேபிளைச் சுட்டும் நெடுவரிசைக்கு, அந்த மாடலின் ஒருமைப் பெயரோடு அண்டர்ஸ்கோர் போட்டு ‘ஐடி’ சேர்க்க வேண்டும்: ‘கஸ்டமர்_ஐடி’. இதைத்தான் ‘ஃபாரின் கீ’ என்கிறார்கள்.

* ‘கிரியேட்டட்_அட்’, ‘அப்டேட்டட்_அட்’ என்று இரண்டு நெடுவரிசைகள் இருந்தால், தேதியையும் நேரத்தையும் ரெயில்ஸே நிரப்பிக்கொள்ளும்.

அவ்ளோதான். இப்படிப் பெயர் வைத்துவிட்டால், ‘கஸ்டமர்’ மாடல் எந்த டேபிளில் தேட வேண்டும் என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். ‘பர்சன்’ என்று மாடல் வைத்தால் ‘பீப்பிள்’ என்ற டேபிளைத் தேடும். ‘சைல்டு’ என்றால் ‘சில்ட்ரன்’. ‘ரைஸ்’, ‘மணி’, ‘போலீஸ்’ போன்ற சொற்களுக்குப் பன்மை கிடையாது என்பதுகூட அதற்குத் தெரியும்.

யார் யாருக்குச் சொந்தம்?

பெயர்கள் சரியாக அமைந்தால்தான் அடுத்த படி, மாடல்களுக்கு இடையிலான உறவு. ரெயில்ஸில் இதற்கு ‘அசோசியேஷன்’ என்று பெயர். ஆங்கில வாக்கியம் மாதிரியே எழுதலாம்.

‘கஸ்டமர்’ மாடலில் ‘ஹேஸ் மெனி ஆர்டர்ஸ்’ என்று ஒரு வரி. ஒரு கஸ்டமருக்குப் பல ஆர்டர்கள் உண்டு என்று அர்த்தம். ‘ஆர்டர்’ மாடலில் ‘பிலாங்ஸ் டு கஸ்டமர்’ என்று ஒரு வரி. இந்த ஆர்டர் ஒரு கஸ்டமருக்குச் சொந்தம். ஒன்றில் பன்மை, இன்னொன்றில் ஒருமை இருப்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு எழுத்து மாறினாலும் எர்ரர்தான்.

இந்த இரண்டு வரிகள் எழுதியதும், ஒரு கஸ்டமரின் எல்லா ஆர்டர்களையும் ‘கஸ்டமர் டாட் ஆர்டர்ஸ்’ என்று கேட்டு வாங்கலாம். பின்னால் நடக்கும் எஸ்க்யூஎல் தேடலை ரெயில்ஸ் பார்த்துக்கொள்ளும்.

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் குழம்பும் இடம், ஐடி எந்த டேபிளில் இருக்க வேண்டும் என்பது. விதி ஒன்றுதான்: ‘பிலாங்ஸ் டு’ எழுதிய பக்கத்தில்தான் ஐடி இருக்கும். ஒரு ஆர்டருக்கு ஒரே ஒரு பேமென்ட் என்றால், ஆர்டரில் ‘ஹேஸ் ஒன் பேமென்ட்’, பேமென்ட்டில் ‘பிலாங்ஸ் டு ஆர்டர்’. ‘ஆர்டர்_ஐடி’ பேமென்ட்ஸ் டேபிளில் உட்காரும். விசிட்டிங் கார்டை யார் பையில் வைத்திருக்கிறாரோ, அவர்தானே அடுத்தவரைக் கூப்பிட முடியும்? அது மாதிரி.

இருபக்கமும் பல என்றால்?

ஒரு ஆர்டரில் பல ஐட்டங்கள் இருக்கும். ஒரே ஐட்டம் பல ஆர்டர்களிலும் இருக்கும். இதற்கு நடுவில் ஒரு டேபிள் தேவை. இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மாடல் இல்லாத வெறும் இணைப்பு டேபிள். இதன் பெயரிலும் வழக்கம் உண்டு. இரண்டு பன்மைப் பெயர்களையும் ஆங்கில அகரவரிசைப்படி சேர்க்க வேண்டும். ‘ஐ’ எழுத்து ‘ஓ’வுக்கு முன்னால் வருவதால் ‘ஐட்டம்ஸ்_ஆர்டர்ஸ்’ என்பதே சரி. ‘ஆர்டர்ஸ்_ஐட்டம்ஸ்’ என்று வைத்தால் ரெயில்ஸ் கண்டுகொள்ளாது.

இரண்டாவது வழி, நடுவில் ‘ஆர்டர் ஐட்டம்’ என்று ஒரு முழு மாடலையே வைத்து, அதன் ‘வழியாக’ இருவரையும் இணைப்பது. ‘ஹேஸ் மெனி த்ரூ’ என்பார்கள். நம்ம ஓட்டலுக்கு இதுதான் சரி. ஏனென்றால் எத்தனை பரோட்டா, என்ன விலை என்ற விவரங்களை வைக்க ஒரு இடம் வேண்டும். வெறும் இணைப்பு டேபிளில் ‘இந்த ஆர்டரில் பரோட்டா உண்டு’ என்பது தெரியும். இரண்டா, இருபதா என்பது தெரியாது.

விலையையும் இங்கேயே வைப்பது முக்கியம். ஐட்டம் டேபிளில் மட்டும் விலை இருந்தால், நாளைக்கு விலையை ஏற்றும்போது போன மாத பில்லும் சேர்ந்து ஏறிவிடும்.

சரி, பரோட்டாவுக்கு என்ன ஆச்சு?

ஆங்கிலத்தில் ‘டேட்டா’ என்பது லத்தீனிலிருந்து வந்த பன்மை. அதன் ஒருமை ‘டேட்டம்’. இதற்காக ரெயில்ஸ் ஒரு பொது விதி வைத்திருக்கிறது: ஒரு சொல் ஆங்கிலத்தில் ‘டி-ஏ’ அல்லது ‘ஐ-ஏ’ என்று முடிந்தால் அது பன்மை, கடைசி ‘ஏ’யை எடுத்துவிட்டு ‘யு-எம்’ போட்டால் ஒருமை. டேட்டா டேட்டம் ஆகிறது. அதே கணக்கில் பரோட்டா பரோட்டம் ஆகிறது. துணிக்கடை ஆப் எழுதுபவரின் ‘குர்தா’வும் ‘குர்தம்’ ஆகும்.

தீர்வு கஷ்டமில்லை. ஒவ்வொரு ரெயில்ஸ் புராஜெக்டிலும் ‘இன்ஃப்ளெக்ஷன்ஸ்’ என்ற சின்ன ஃபைல் இருக்கிறது. அதில் ‘பரோட்டாவின் பன்மை பரோட்டாஸ்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால், மாடலை உருவாக்குவதற்கு முன்பே எழுத வேண்டும். இல்லையென்றால், கோடிலும் டேட்டாபேஸிலும் பரோட்டம் பரவிய பிறகு ஒவ்வொரு இடமாகப் போய்த் துடைக்க வேண்டியிருக்கும்.

இதைவிட சுவாரஸ்யம் ‘வைரஸ்’. ஆங்கில அகராதிகளின்படி அதன் பன்மை ‘வைரஸஸ்’. ரெயில்ஸோ ‘வி-ஐ-ஆர்-ஐ’ என்ற டேபிளைத் தேடும். அப்படியொரு பன்மை அகராதியில் கிடையாது. தப்பு என்று தெரிந்த பிறகும் இதை ஏன் திருத்தவில்லை?

ஏற்கெனவே அந்தத் தப்பான பெயரை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் உடைந்துவிடும் என்பதுதான் காரணம். இந்தப் பன்மை விதிகளில் இனி திருத்தங்களை ஏற்பதில்லை என்று ரெயில்ஸ் குழு தன் ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. எல்லோரும் பழகிவிட்ட தப்பைத் திருத்துவதால் வரும் சேதம், தப்பை விட்டுவைப்பதால் வருவதைவிடப் பெரிது.

இணையத்தின் அடித்தளத்திலேயே இப்படியொரு உதாரணம் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பதை பிரவுசர் சொல்லும் தலைப்பின் பெயர் ‘ரெஃபரர்’. 1996-ல் வெளியான ஹெச்டிடிபி ஆவணத்தில் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ‘ஆர்’ விடுபட்டுவிட்டது. இன்றுவரை அந்த ‘ஆர்’ இல்லாமல்தான் உலகம் முழுக்க அது ஓடுகிறது.

வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?

பன்மை மட்டும்தான் பொறி என்று நினைக்க வேண்டாம். ஓட்டல் ஐட்டங்களை வெஜ், நான்-வெஜ் என்று பிரிக்க ‘டைப்’ என்று ஒரு நெடுவரிசை வைப்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றும். ஆனால் ரெயில்ஸில் ‘டைப்’ என்ற பெயர் ஏற்கெனவே ரிசர்வ் ஆகிவிட்டது. ஒரே டேபிளில் பல வகை மாடல்களை வைக்கும்போது, எந்த வரி எந்த மாடல் என்பதைக் குறிக்க அது பயன்படுகிறது.

விளைவு? ‘வெஜ்’ என்று எழுதப்பட்ட வரியை எடுக்கும்போது, ‘வெஜ் என்ற மாடல் எங்கே?’ என்று ரெயில்ஸ் தேடும். கிடைக்காமல் எர்ரர் காட்டும். ‘ஃபுட்_டைப்’ என்று பெயரை மாற்றினால் பிரச்னை தீர்ந்தது.

தப்பினால் யாருக்கு நஷ்டம்?

எர்ரர் வந்தால் டெவலப்பரின் ஒரு மதியம் போகும், அவ்வளவுதான். எர்ரரே வராமல் தப்பு நடப்பதுதான் ஆபத்து.

உதாரணத்துக்கு, ஒரு கஸ்டமர் கணக்கை அழிக்கிறார். அவருடைய ஆர்டர்கள் என்ன ஆகும்? எதுவும் சொல்லாமல் விட்டால், ரெயில்ஸ் அவற்றைத் தொடாது. டேட்டாபேஸிலும் ஃபாரின் கீ கட்டுப்பாடு போடவில்லை என்றால், இல்லாத கஸ்டமரைச் சுட்டிக்கொண்டு அந்த ஆர்டர்கள் அநாதையாக நிற்கும். ‘டிபென்டென்ட் டெஸ்ட்ராய்’ என்று எழுதியிருந்தால், கஸ்டமரோடு சேர்ந்து எல்லா ஆர்டர்களும் அழியும். கணக்கு முடிக்கும் நேரத்தில் பழைய பில்களைத் தேடினால் கிடைக்காது.

இதே சொல்லைப் பக்கம் மாற்றி, ஆர்டரின் ‘பிலாங்ஸ் டு’ வரியில் எழுதிவிட்டால் இன்னும் மோசம். ஒரு ஆர்டரை அழித்தால் கஸ்டமரே அழிந்துபோவார். அவருடைய மற்ற ஆர்டர்கள் நடுத்தெருவில் நிற்கும். அப்படிச் செய்யாதீர்கள் என்று ரெயில்ஸ் வழிகாட்டியே எச்சரிக்கிறது. பில்கள் முக்கியம் என்றால், ஆர்டர்கள் இருக்கும்வரை கஸ்டமரை அழிக்க விடாத ‘ரெஸ்ட்ரிக்ட்’ வழியே நல்லது.

கஸ்டமரே இல்லாமல் ஆர்டர் பதிவாகும் தொல்லையும் முன்பு இருந்தது. 2016-ல் வந்த ரெயில்ஸ் 5-லிருந்து, ‘பிலாங்ஸ் டு’ என்று எழுதினாலே உரிமையாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இயல்பான விதியானது.

வேகத்திலும் ஒரு பொறி உண்டு. 100 ஆர்டர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கஸ்டமர் பெயரைக் காட்டினால், ஆர்டர்களுக்கு ஒரு தேடல், பெயர்களுக்கு 100 தேடல்கள் என மொத்தம் 101 தடவை டேட்டாபேஸைத் தட்டும். ‘இன்க்ளூட்ஸ்’ என்று ஒரு சொல் சேர்த்தால் இரண்டே தேடல்களில் முடியும். கோட் படிக்க அழகாக இருப்பதால்தான் இந்த 101 கண்ணில் படுவதில்லை.

ஊருக்கு ஊர் வழக்கம்

பிஹெச்பி மொழியில் 2011-ல் வந்த லாராவெல்லும் மாடலுக்கு ஒருமை, டேபிளுக்குப் பன்மை என்ற வழியில்தான் போகிறது. ஆனால் இணைப்பு டேபிளில் மட்டும் இரண்டு பெயர்களையும் ஒருமையில் கேட்கும்: ‘ஐட்டம்_ஆர்டர்’. பைத்தானின் ஜாங்கோவில் டேபிளுக்குப் பன்மையே கிடையாது. ஆப் பெயரையும் மாடல் பெயரையும் சேர்த்து ‘ஓட்டல்_ஆர்டர்’ என்று வைத்துக்கொள்ளும். ஆனால் அதன் அட்மின் பக்கத்தில், பெயருக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ‘எஸ்’ போடும். ‘கேட்டகரி’யைச் சரியான பன்மையில் காட்ட நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஒரு ஃபிரேம்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பலருக்கு முதல் வாரம் சறுக்குவது இதனால்தான். பத்து வருஷத்துக்கு முன் யாரோ வைத்த டேபிள் பெயர்களோடு வேலை பார்க்க நேர்ந்தாலும் இதே கதை. அப்போது டேபிளின் பெயர், ஃபாரின் கீயின் பெயர், கிளாஸின் பெயர் ஆகிய மூன்றையும் வெளிப்படையாக எழுதிவிடலாம். வழக்கத்தை மீறக் கூடாது என்று ரெயில்ஸ் எங்கும் சொல்லவில்லை. மீறினால் எழுதிவைக்கச் சொல்கிறது.

கடைசியாக ஒரு பெயர்

இனிஷியல் உதாரணத்துக்கே திரும்பி வரலாம். நம்மூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத அந்த வழக்கம், ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’ என்று கேட்கும் ஃபார்ம் முன்னால் போனதும் தடுமாறும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்போர்ட் வாங்கிய தமிழர்கள் ஏராளம். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பலர் பதறினார்கள். பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகுதான் விளக்கம் வந்தது.

அப்படிப்பட்ட ஒவ்வொரு ஃபார்முக்குப் பின்னாலும் ஒரு மாடல் இருக்கிறது. ‘லாஸ்ட்_நேம்’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, அதைக் கட்டாயமாக்கி ஒரு வரி எழுதிய ஒரு டெவலப்பர் இருக்கிறார். அவருடைய ஊரில் எல்லோருக்கும் லாஸ்ட் நேம் இருந்திருக்கும்.

ஓட்டல் ஆப்பில் கஸ்டமர் மாடலை எழுதும்போது, ‘ஃபர்ஸ்ட்_நேம்’, ‘லாஸ்ட்_நேம்’ என்று இரண்டு வைக்காமல் ‘ஃபுல்_நேம்’ என்று ஒன்றே ஒன்று வைத்தால் போதும். பரோட்டா வாங்க வரும் எஸ்.குமார், தன் பெயரை எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதிவிட்டுப் போகட்டும்.